பெட்டிசம் எழுதிய கை

சென்ற மாதம் இலண்டனிலிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. எழுதியவர் முன்னாளில் வன்னியில் என்னிடம் கல்வி பயின்ற மாணவி ஒருவர். இன்று இரு பிள்ளைகளுக்குத் தாய். தபாலில் வந்த கடிதமன்று, கைத்தொலைபேசியில் வந்தது. ஆயினும், ‘மதிப்புக்குரிய சேர்’ என்று தொடங்கிச் சுகநலம் விசாரித்து, பத்தி பிரித்து, குற்றெழுத்துப் பிழையின்றி எழுதப்பட்டிருந்தமையால் அதனைக் கடிதமென்றே கொள்கிறேன்.

செய்தி இதுதான். அவருடைய வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நம்மவர் ஒருவர் வசிக்கிறார். பிரித்தானிய அரசு வலுவிழந்தோருக்கு வழங்கும் உதவிப்பணம் அவருக்குக் கிடைக்கிறது. அதன் பேரில் புதிய மோட்டார் வண்டியும் வாசலில் நிற்கிறது. கோடையில் நடந்த கோயில் தேர்த் திருவிழாவிலோ அம்மனிதர் இடுப்பில் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இளைஞர்களோடு இளைஞராக வடம் பிடித்து ஒரு வீதி நீளம் தேரிழுத்தார். மாணவி கண்ணாற் கண்டார். யாரோ பிடித்த படமும் இருக்கிறது. “இப்படியானவர்களைப் பற்றி அறிவிக்க ஒரு தொலைபேசி இலக்கம் உண்டு, சேர். பெயர் சொல்லத் தேவையில்லை. சொல்வது கடமையா, அல்லது காட்டிக்கொடுப்பா?” என்பது அவரது கேள்வி. கடிதத்தின் அடியில், பின்னர் நினைத்துக்கொண்டு சேர்த்தது போல, ஒரு வசனம் இருந்தது: பாரிசவாதத்தால் இடக்கை விழுந்துபோன தம் கணவருக்கு அதே உதவிப்பணம் மறுக்கப்பட்டதாம்.

கேள்வியை வைத்தவர் நான் தருமம் தெரிந்தவன் என்று நம்பி வைத்தார். அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இதே கேள்விக்கு ஒருமுறை நான் பேனையால் விடை எழுதியவன். அதனைப் பின்னர் சொல்வேன்.

முதலில் அந்த உதவிப்பணம் யாது என்று பார்ப்போம். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், வேலை செய்யும் வயதினருக்கான பழைய கொடுப்பனவொன்றின் இடத்தில் பிரித்தானியா கொண்டுவந்தது இது. ‘பிப்’ என்று சுருக்கமாக வழங்குவர். அன்றாட வாழ்க்கைக்கு ஒரு கூறு, நடமாட்டத்துக்கு ஒரு கூறு என இரு கூறுகள். 2025–26இல் இரண்டும் உயர்ந்த வீதத்திற் கிடைத்தவருக்கு வாரம் 187 பவுண் அளவில் வந்தது. இதிற் கவனிக்க வேண்டியது, இக்கொடுப்பனவு ஏழைமைக்காகத் தரப்படுவதன்று என்பது. வருமானம் பார்க்கப்படுவதில்லை, முழுநேர உத்தியோகம் பார்ப்பவரும் பெறலாம். நோயின் பெயரைக் கேட்டுத் தருவதுமில்லை. சமைத்தல், உண்ணல், குளித்தல், உடுத்தல், பேசுதல், நடத்தல் முதலிய செயல்களை ஒருவர் எவ்வாறு செய்கிறார் என்று கேட்டுப் புள்ளியிடுவர். ஒரு கூறில் எட்டுப் புள்ளி பெற்றால் சாதாரண வீதம். பன்னிரண்டு பெற்றால் உயர்ந்த வீதம்.

புள்ளியிடும் விதியிலேதான் சூட்சுமம் இருக்கிறது. இருபது மீற்றருக்கு மேல் நடக்கவியலாதவருக்குப் பன்னிரண்டு புள்ளி என்றால், இருபத்தோராவது மீற்றரிற் காலெடுத்து வைத்தவன் கள்வன் என்று நாம் கருதிவிடுவோம். சட்டம் அவ்வாறு கருதவில்லை. ஒரு செயலைத் தீங்கின்றியும், ஏற்கத்தக்க முறையிலும், வேண்டிய தடவை திரும்பவும், நியாயமான நேரத்திலும் செய்ய இயல்கிறதா என்று அது கேட்கிறது. ஆண்டின் நாட்களிற் பாதிக்கு மேல் அவ்வாறு இயலவில்லையென்றால், இயலாதவர் என்றே கணக்கு. எனவே ஒருவர் ஒருநாள் தேரிழுப்பதும், மறுநாள் தொடக்கம் நான்கு நாள் படுக்கையிற் கிடப்பதும் சட்டத்துக்கு முரணானவையல்ல. இன்னொன்றும் உண்டு. நடமாட்டக் கூறைக் காலை மாத்திரம் பார்த்துத் தருவதில்லை. பழகிய வழியிற்கூட இன்னொருவர் துணையின்றிச் செல்ல மாட்டாதவருக்கும், அது பார்வைக் குறைவினாலாயினும் மனநோயினாலாயினும், உயர்ந்த வீதம் கிடைக்கலாம். வாசலில் நிற்கும் அந்த வண்டி, அவ்வுயர்ந்த வீதப் பணத்துக்குப் பதிலாக வாடகைக்குத் தரப்படுவது. ஆகவே இரண்டு காலும் இரும்புபோல் உள்ள ஒருவர் அந்த வண்டியை நேர்மையாகவே பெற்றிருத்தல் கூடும். உற்றார் உறவினர் நூறு பேர் சூழ நின்று வடம் பிடிக்கக்கூடியவர், தனியே கடைக்குப் போக நடுங்குபவராகவும் இருக்கலாம்.

இதனாற் தேரிழுத்த அம்மனிதர் குற்றமற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் படிவத்தில் என்ன எழுதினார், எதற்குப் புள்ளி பெற்றார் என்பது என் மாணவிக்குத் தெரியாது. அவர் கண்டது தேரை. விசாரிப்போர் கேட்கப்போவது படிவத்தை.

இவ்வாறு கண்டதை அறிவிக்கும் தொலைபேசி இலக்கம் பிரித்தானியாவில் 1996ஆம் ஆண்டு தொடக்கப்பட்டது. ‘ஒப்சேவர்’ என்னும் வாரப் பத்திரிகை 2016 பெப்ரவரியில் வெளியிட்ட கணக்கொன்றுண்டு. 2010 முதல் 2015 வரை பொதுமக்கள் அறிவித்த மோசடிக் குற்றச்சாட்டுகளில் முடித்து வைக்கப்பட்டவை 10 இலட்சத்து 41 ஆயிரம். அவற்றுள் 8 இலட்சத்து 87 ஆயிரத்தில் மோசடிக்குப் போதிய சான்று காணப்படவில்லை. இது எல்லாவகை உதவிப்பணங்களையும் சேர்த்த கணக்கு. சான்று காணப்படவில்லை என்பதற்கு அறிவித்தவர் பொய்யர் என்பது பொருளன்று. கள்வர் சிலர் தப்பியுமிருக்கலாம். ஆயினும் நூற்றில் எண்பத்தைந்து என்பது சிந்திக்க வைக்கும் தொகை. ‘பிப்’ கொடுப்பனவை மட்டும் எடுத்தாலோ, அந்நாட்டுத் திணைக்களமே 2023–24ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்ட மோசடி, கொடுத்த பணத்தில் நூற்றுக்கு அரைப்பங்குக்கும் குறைவு. அதே காலத்தில் வருமானம் பார்த்துத் தரும் பொது உதவிப்பணத்திற் பிழையாலும் மோசடியாலும் மிகையாகச் சென்றது நூற்றுக்குப் பன்னிரண்டு அளவில். ஆனால் பொதுசனத்தின் கண் எதன்மேல் விழுகிறது? மறைத்து வைத்த வங்கிக் கணக்கு யார் கண்ணுக்குத் தெரியும்? நொண்டியவன் நொண்டாமல் நடந்ததுதான் தெரியும்.

இனி என் கதையைச் சொல்லலாம்.

2014ஆம் ஆண்டு. வன்னியிலே குளத்தையடுத்த ஒரு கிராமத்தில் நான் ஆசிரியப் பணி புரிந்துகொண்டிருந்தேன். போர் முடிந்து ஐந்தாண்டு. மீளக் குடியேறிய சனங்களுக்கு விண்ணப்பம், மேன்முறையீடு, சத்தியக்கடதாசிக்கு முன்னோடியான குறிப்பு எல்லாம் எழுதிக் கொடுக்கும் வேலை, அத்தகைய ஊர்களில் வாத்தியாருக்கு வந்து சேரும். நானும் சலிக்காமல் எழுதினேன். என் எழுத்துக்குக் கந்தோர்களில் மதிப்பிருந்தது என்பதில் உள்ளூர ஒரு செருக்கும் உண்டு.

அக்காலத்தில் வலுவிழந்தோருக்கு மாதம் 3000 ரூபா உதவிப்பணம் கொடுக்கப்பட்டது. (அன்று அங்கவீனர் என்றார்கள், பின்னர் வலுவிழந்தோர் என்றும், மாற்றுத்திறனாளிகள் என்றும் சொல் மாறியது. சொல் மாறிய வேகத்திற் பணம் ஏறவில்லை.) ஆனால் தகுதியுள்ள எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் இத்தனை பேர் என்று ஒரு தொகை. மற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலில். பட்டியலில் உள்ளவருக்கு இடம் வருவது, பெற்றுக்கொண்டிருப்பவர் இறந்தால், அல்லது நீக்கப்பட்டால்.

எங்கள் ஊரில் ஒரு விதவைத் தாய் இருந்தார். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. முள்ளந்தண்டிற் காயம்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இரண்டாண்டாகப் பட்டியலிற் காத்திருந்தார். அதே ஊரில் நாற்பது வயதுள்ள ஒருவருக்கு உதவிப்பணம் கிடைத்து வந்தது. அவரோ சைக்கிள் ஓடுவார்; விறகு கொத்துவார்; ஒருநாள் சீமெந்துப் பை ஒன்றைத் தோளிற் தூக்கிச் சென்றதை நானே பார்த்தேன். அன்று மாலை அத்தாய் என் வீட்டுத் திண்ணையில் வந்து குந்தி, வாய் திறவாமல் அழுதார். ஊர் இளைஞர் இருவர் கூடவே வந்தனர். “வாத்தியார், நீங்கள் எழுதினால் எடுபடும்” என்றனர்.

எழுதினேன். ஒரு பக்கத்துக்குச் சற்று மேல். ‘உடலுரமிக்க ஒருவர் உண்மையில் நலிவுற்ற ஒருவரின் பங்கை நுகர்வது நீதியாகுமா’ என்றொரு வசனம் அதில் இருந்தது என்பது இப்போதும் நினைவில் இருக்கிறது. அதை எழுதியபோது எனக்கிருந்த மகிழ்ச்சியும் நினைவில் இருக்கிறது. அடியில் ‘ஊர்நலன் விரும்பிகள்’ என்றிட்டேன். ஊர் வழக்கில் இதற்குப் பெட்டிசம் என்று பேர். பெயர் வையாதது மொட்டைப் பெட்டிசம்.

எடுபட்டது. விசாரணை முடியும்வரை அவருக்குக் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது.

ஏறக்குறைய ஒரு மாதத்தின் பின் ஒரு பிற்பகல், பள்ளி விட்டுச் சென்ற என் மாணவர் நால்வர் நனைந்த உடுப்போடு ஓடி வந்தனர். அம்மனிதர் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து கிடந்தாராம். கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளியதாம். பிள்ளைகள் இறங்கித் தூக்கிக் கரையிற் போட்டிருக்கிறார்கள். முன்பற்கள் இரண்டு போயின. அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய தலைக்குள் செல் துண்டொன்று இருக்கிறது. எடுத்தால் உயிருக்கு ஆபத்தென்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். வலிப்பு எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. அதனால் அவரை ஒருவரும் கூலிக்கு ஏற்றி மரத்தில் விடார், இயந்திரத்தருகில் விடார், வயலிற் தனியே விடார். விறகு தன் வீட்டுக்குக் கொத்தியது. சீமெந்துப் பை, யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த அரைநாள் வேலை. அந்த அரைநாளைத்தான் நான் பார்த்திருந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் மனந்தேறியிருப்பேன். சில நாளில் அவரே என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு இதரை வாழைப்பழம். “வாத்தியார், ஆரோ பெட்டிசம் போட்டிட்டினம். என்ர காசு நிண்டு போச்சு. நீங்கள்தான் நல்லா எழுதுவியள், ஒரு அப்பீல் எழுதித் தாங்கோ” என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். முந்தியதைவிட நன்றாகவே எழுதினேன். எழுதும்போது எழுத்தைச் சிறிது சாய்த்து எழுதினேன் என்பதையும் மறைக்கக் கூடாது. கந்தோருக்கும் அவரோடு சென்றேன். அங்கிருந்த எழுதுவினைஞர் என் தாளை வாங்கி, கோப்பைத் திறந்து, உள்ளேயிருந்ததையும் இதையும் ஒருகணம் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முத்திரை குத்தி உள்ளே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எட்டு மாதத்தின் பின்னரே கொடுப்பனவு மீண்டும் தொடங்கியது. அந்த எட்டு மாதத்துப் பணம் விதவைத் தாயின் மகனுக்குச் சென்றதா என்று கேட்பீர்கள். இல்லை. விசாரணை முடியாதவரை அந்த இடம் வெற்றிடமாகாது என்று விதி. மகனுக்கு அடுத்த ஆண்டு வேறொருவர் இறந்த இடத்திலே கிடைத்தது. வாழைப்பழத்தை என் பிள்ளைகள் உண்டார்கள். நான் அம்மனிதரிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. அவர் இப்பத்திரிகையை வாசிப்பவரல்லர். யாரேனும் வாசித்துச் சொன்னால் அதுவும் நல்லதே.

நிற்க. இதிலிருந்து ‘எவரைப் பற்றியும் எப்போதும் வாய் திறவாதே’ என்று நான் கற்றுக்கொண்டதாக வாசகர் எண்ணிவிடலாகாது. நம் மண்ணில் அறிவித்தல் என்ற சொல்லுக்கே ஒரு கறை உண்டு. முகத்தை மூடிக்கொண்டு சுற்றிவளைப்பில் நின்று தலையசைத்த தலையாட்டியை ஒரு தலைமுறை கண்டிருக்கிறது. ஒரு தலையசைப்பில் ஒரு வீடு ஒழிந்ததையும் கண்டிருக்கிறது. இலண்டனில் வாழும் நம்மவர் ஒருவர் தொலைபேசியைத் தூக்கக் கூசுவதற்கு இதுவும் காரணமாகலாம். ஆனால் அந்தக் கூச்சத்தை வைத்துக்கொண்டு பொதுப்பணத்தைத் திருடுபவனுக்குக் கதவைத் திறந்துவிடுவதும் தகாது. முக்கியமாக நம் நாட்டில் தகாது. ஏனென்றால் பிரித்தானியாவின் ‘பிப்’ புள்ளி பெற்ற எல்லோருக்கும் உரியது. அங்கே ஒருவன் ஏமாற்றிப் பெற்றால் திறைசேரிக்கு நட்டம், பக்கத்து வீட்டுக்காரனின் பங்கு குறைவதில்லை. இங்கோ தொகை வரையறுக்கப்பட்டது. ஒருவன் ஏமாற்றிப் பெற்றால், பெயரும் முகமும் உள்ள இன்னொருவன் பட்டியலிற் காத்திருக்கிறான். அறிவிக்கும் கடமை இங்கே கனமானது. அதே காரணத்தால், அறிவிக்கும் ஆசையும் இங்கே கனமானது.

2023ஆம் ஆண்டு இதனை நாடு முழுவதும் கண்டோம். 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் அஸ்வெசும திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தெரிவானவர் பெயர்ப்பட்டியல் ஜூன் மாதம் பகிரங்கமாக வெளியிடப்பட்டது. விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம். தெரிவானவர் தகுதியற்றவர் என்று கருதுவோர் ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்றார்கள். ஜூலை 10 வரை தவணை. எங்கள் பக்கத்திற் பிரதேச செயலக வாசலிலே வரிசை நின்றது. வீட்டுக் கூரை, மின்சாரக் கட்டணம், கையிலுள்ள மோட்டார் சைக்கிள் என்று அயலவன் அயலவனை அளந்துகொண்டு நின்றான். வலுவிழந்தோர் கொடுப்பனவு 2024இல் 7500 ரூபாவாகவும், 2025இல் 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது, நல்லது. ஆனால் அந்த வாசல் வரிசையில் நின்ற கோபத்தை நான் மறக்கவில்லை. தன் பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்க வந்தவர்கள், அதற்கு விடை கிடையாமல், அடுத்தவர் பெயர் ஏன் இருக்கிறது என்று கேட்டுத் திரும்பினார்கள். விட்டவர் கதிரையிலிருந்தார், விடுபட்டவரும் விடுபடாதவரும் வாசலில் நின்று பொருதினர்.

உண்மையான மோசடி எப்படியிருக்கும் என்பதற்குக் கிரேக்க நாட்டின் சாக்கிந்தோஸ் தீவை எடுத்துக்காட்டலாம். ஏறத்தாழ நாற்பதினாயிரம் பேர் வாழும் அத்தீவில் எழுநூறு பேரளவில் பார்வையற்றோர் உதவிப்பணம் பெற்று வந்தனர். உலகப் பத்திரிகைகள் ‘குருடர் தீவு’ என்று பெயரிட்டன. அவர்களிற் பெரும்பாலோர் கண் தெரிந்தவர்கள். 2011–12இல் இதனை வெளிப்படுத்தியவர் அத்தீவின் நகரபிதா ஸ்ரெலியோஸ் பொசிக்கிஸ். அவர் எந்த வீட்டு யன்னலையும் எட்டிப் பார்க்கவில்லை. பட்டியலைப் பார்த்தார், தொகையைப் பார்த்தார், அத்தாட்சிப் பத்திரங்களில் யார் கையொப்பமிட்டார் என்று பார்த்தார். அங்கே ஒருவர் வீதியிற் கண்ணைத் திறந்து நடந்ததன்று குற்றத்தின் வேர். அத்தாட்சி கொடுத்த வைத்தியர் கையும் அங்கீகரித்த அதிகாரத்தின் கையும் வேர். சொன்னவர் தம் பெயராற் சொன்னார். அதற்குக் கூலியாக ஊரவர் அவர்மேல் தயிர் வீசினர்.

பெயராற் சொல்வதற்கும் பெயரின்றிச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான் போலும். பெயர் வைக்க வேண்டியிருந்தால் நான் அந்தப் பெட்டிசத்தை எழுதுமுன் கிராம அலுவலரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பேன், ஒருவேளை அம்மனிதரிடமே, “தம்பி, உனக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டிருப்பேன். மூன்று ஆண்டு ஒரே ஊரில் இருந்தும் அதை நான் கேட்டதில்லை. வேறொரு சமயம், உதவிப்பணம் எடுத்துத் தருவதாகச் சொல்லிப் படுக்கையிற் கிடந்த கிழவர் ஒருவரின் பணத்திற் பாதியை மாதாமாதம் விழுங்கி வந்த தரகன் ஒருவனைப் பற்றி எழுதினேன். கிழவர் வாயாற் கேட்டேன். மூன்று மாதக் கணக்கைப் பார்த்தேன். என் பெயரும் பதவியும் இட்டேன். அந்தக் கடிதத்துக்காக நான் ஒருநாளும் நித்திரை இழந்ததில்லை, அவன் என் சைக்கிளின் காற்றைத் திறந்துவிட்டபோதுங்கூட.

திருக்குறள் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விடயம் நினைவுக்கு வரலாம். வள்ளுவர் புறங்கூறாமையை அறத்துப்பாலில் வைத்தார். ஒற்றாடலைப் பொருட்பாலில், அரசனுக்குரியதாக வைத்தார். அரசனுக்குங்கூட ஒற்றன் சொன்னதை அப்படியே நம்பும் உரிமையை அவர் கொடுக்கவில்லை. இன்னொரு ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்கச் சொல்கிறார். ஊரார் எல்லோரையும் ஒற்றராக்கும் ஏற்பாடு அவர் கனவிலும் வந்திராது.

பிரித்தானியாவில் இவ்விவகாரம் இன்னும் ஓயவில்லை. 2025 ஜனவரியில் மோசடியைத் தடுக்கவென்று ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. வங்கிகளிடம் தகவல் கேட்கும் அதிகாரம் அதில் இருந்தது. முதலில் அது குறிவைத்தவை வருமானமும் சேமிப்பும் பார்த்துத் தரும் கொடுப்பனவுகளை. ‘பிப்’ அவற்றுள் இல்லை. அவ்வாண்டு மார்ச்சில், ‘பிப்’ பெறும் தகுதியையே இறுக்கப்போவதாக அரசு அறிவித்தது. ஆளுங்கட்சி உறுப்பினரே கிளர்ந்தெழ, ஜூலை தொடக்கத்தில் அப்பகுதியைக் கைவிட்டது. இத்தகைய காலங்களில் ‘வீட்டுக்கு வீடு கள்வர்’ என்ற பேச்சுப் பத்திரிகைகளில் உரத்து ஒலிப்பது வழமை. அப்பேச்சைக் காலையில் வாசித்துவிட்டு மாலையில் தேரைப் பார்ப்பவர், தேரை மாத்திரம் பார்ப்பதில்லை.

ஆகவே என் மாணவிக்கு நான் எழுதிய விடை நேரானதாக இருக்கவில்லை. ‘அறிவி’ என்றும் சொல்லவில்லை, ‘அறிவியாதே’ என்றும் சொல்லவில்லை. “அம்மனிதர் தாம் பொய் எழுதினேன் என்று யாரிடமாவது சொன்னதுண்டா? இல்லாத நோய்க்குப் பத்திரம் வாங்கித் தரும் ஒருவர் அவர் பின்னால் இருப்பதாக அறிவாயா? அப்படியாயின் உன் பெயரால் எழுது. நான் துணை நிற்பேன். தேரிழுத்ததைத் தவிர வேறொன்றும் தெரியாதெனின், உனக்குத் தெரிந்தது தேரிழுத்தது மாத்திரமே” என்றேன். பின்னர் கடிதத்தின் அடியிலிருந்த அந்த ஒற்றை வசனத்துக்கு வந்தேன். கணவருக்கு மறுக்கப்பட்ட கடிதம் எப்போது வந்தது, ஒரு மாதத் தவணை கடந்துவிட்டதா என்று கேட்டேன். முதலில் திணைக்களத்திடம் மீள்பரிசீலனை கேட்கவேண்டும். அதுவும் பொய்த்தால் நியாயசபைக்குச் செல்லலாம். நியாயசபை கேட்டுத் தீர்க்கும் ‘பிப்’ முறைப்பாடுகளிற் பாதிக்கு மேற்பட்டவை விண்ணப்பித்தவர் பக்கமே தீர்கின்றன. ஒரு கையால் உடுப்புப் போட எத்தனை நிமிடம் செல்கிறது, சமைக்கும்போது யார் பக்கத்தில் நிற்கிறார், வாரத்தில் எத்தனை நாள் முடியவில்லை என்று நாட்குறிப்பு எழுதச் சொன்னேன். என் பெட்டிசக் கதையையும் எழுதினேன். அதனை முதன்முதலாக அவருக்குத்தான் சொன்னேன்.

பத்து நாள் மௌனம். வாத்தியார்மேல் இருந்த மதிப்புப் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு பதில் வந்தது. தவணைக்கு ஐந்து நாள் இருந்ததாம்; கணவரின் மீள்பரிசீலனை மனுவை அனுப்பிவிட்டாராம். தேரிழுத்தவரைப் பற்றியும் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்தில் பரிமாறிக்கொண்டிருந்தபோது அவர் வரிசையில் வந்து நின்றிருக்கிறார். சோற்றைப் போட்டுக்கொண்டே, “இப்ப சுகம் எப்பிடி அண்ணை?” என்று கேட்டாராம். அவர் சிறிது நேரம் இவரையே பார்த்துவிட்டு, “சனம் நிக்கிற இடத்தில நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி” என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டு போனாராம். “இது விடையா, சேர், அல்லது சமாளிப்பா?” என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரியவில்லை என்று எழுதி அனுப்பினேன்.